உப்பும் சாக்கடையும் காத்த செடி

மெல்பர்னின் மேற்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. நகரத்தின் கிழக்கே டான்டினாங் மலையில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும்போது, லாவர்டன், டார்னெய்ட், வெரிபி பக்கம் 550ஐத் தாண்டினாலே பெரிது. எங்கள் தூத்துக்குடியைவிடவும் கொஞ்சம் குறைவு. உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாகவே காலம் தள்ளியவனுக்கு இந்த ஓர் எண் போதும். மழை கம்மி, காற்று உண்டு, தரை தட்டை, பக்கத்தில் கடல். "இங்க எவனாவது பாத்தி கட்டியிருப்பான் மாப்ள" என்று மகள் வீட்டுக்கு வந்த புதிதிலேயே சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். ஆஸ்திரேலியாவில் உப்பு கடையில் கிடைக்கும் என்றார்.

கட்டியிருந்தார்கள். ரிச்சர்ட் சீத்தம் என்பவர் 1888இல் ஜீலாங்கில் உப்புத் தொழில் தொடங்கினார். பக்கத்தில் மூலாப்பில் இருந்த அளம் 2007 வரை ஓடியது. அதே கம்பெனி 1920களில் மெல்பர்னுக்கு இன்னும் கிட்டே, லாவர்டனுக்குத் தெற்கே பாயிண்ட் குக் கரையில், இன்னொரு அளம் போட்டது. கோடை முடிகிற காலத்தில், வருஷத்துக்கு ஒரே அறுவடை. நாங்கள் தை மாசம் பாத்தி மிதித்து, ஐப்பசி மழை வரும்வரை பத்துப் பதினைந்து நாளுக்கொருமுறை வாருகிறவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வாருகிறவனை அளக்காரன் என்று தூத்துக்குடியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தொழில் ஒன்றுதான். கடல் தண்ணீர் உப்பு அடர்த்திக் கணக்கில் மூன்று மூன்றரை டிகிரியில் உள்ளே வரும். பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் காயவிட்டால் நடுவில் ஜிப்சம் படியும். 25 டிகிரியில் உப்பு பூக்கும். 29, 30க்கு மேல் போனால் மிஞ்சுவது கசப்புத் தண்ணீர். அதைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். இந்தக் கணக்கு சீத்தமுக்கும் எங்கள் முதலாளிக்கும் பொது.

அந்த அளம் 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் டாம்பியர் போன்ற மழையே இல்லாத கரைகளில், கண்ணுக்கு எட்டாத அளவுப் பாத்திகள் 1970களிலேயே வந்துவிட்டன. நகரத்தை ஒட்டிய கரையிலோ மனை விலை ஏறிக்கொண்டிருந்தது. அளத்தின் ஒரு பகுதியில் ஏரியும் கோல்ஃப் மைதானமுமாக சாங்க்சுவரி லேக்ஸ் என்ற குடியிருப்பு எழுந்தது. மைதானத்தை வடிவமைத்தவர் கோல்ஃப் வீரர் கிரெக் நார்மன். மீதி 420 ஹெக்டேர் அரசாங்கத்தின் கையில், சீத்தம் ஈரநிலம் என்ற பெயரில், பறவைகளுக்காக இருக்கிறது. டார்னெய்ட் ஓரமாக வருகிற ஸ்கெலிட்டன் ஓடை அங்கேதான் கடலில் சேர்கிறது.

ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை காரில் கூட்டிக்கொண்டு போனார். வரப்பில் கால் வைத்ததும் தெரிந்தது: உமரி. எங்கள் உமரியே அல்ல, அதன் ஒன்றுவிட்ட தம்பி. சுவேடா என்கிற பேரினம். இங்கே இருப்பது சுவேடா ஆஸ்ட்ராலிஸ். விரற்கடை நீளத்தில் குண்டு குண்டான இலை, நுனிப் பக்கம் செம்மண் பட்டதுபோல் சிவப்பு. அதற்குப் பக்கத்தில் தரையோடு படர்ந்து, மணி மணியாகக் கோத்த தண்டோடு இன்னொன்று. இவற்றுக்கு மேலே, என் இடுப்பு உயரத்தில், கட்டை பாய்ந்த அடிமரத்தோடு ஒரு புதர். இலை என்று எதுவுமே கிடையாது. பச்சைக் கணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற கிளைகள். டெக்டிகார்னியா அர்பஸ்குலா என்பது அதன் அறிவியல் பெயர். நன்றாக வளர்ந்தால் இரண்டு மீட்டர் வரை போகும். தெற்கு ஆஸ்திரேலியக் கரை நெடுக, டாஸ்மேனியா வரைக்கும் இருக்கிறது.

அதன் வேலையைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தால் ஓர் அளமே தெரிகிறது. வேர் உறிஞ்சுகிற உப்பைச் செடி வெளியே தள்ளுவதில்லை. கணுவின் சதைக்குள், ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கிற நீர்ப்பைக்குள் ஒதுக்கிப் பூட்டி வைக்கிறது. உள்ளே உப்பு கூடினால்தான் உவர் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்க முடியும். பூட்டி வைக்க இடம் போதாமல் போகும்போது பழைய கணுக்கள் வற்றிக் காய்ந்து உதிர்ந்துவிடும். அவற்றோடு உப்பும் போகும். கசப்புத் தண்ணீரைத் திறந்துவிடுகிற அதே ஏற்பாடு. உதிர்ந்து கிடந்த ஒரு கணுவை எடுத்து நாக்கில் வைத்தேன். "மாமா, அதையெல்லாம் வாயில வைக்காதீங்க" என்று மாப்பிள்ளை பதறினார். நல்ல உப்பு. தூத்துக்குடியில் இதை இரண்டாம் தரம் என்று எழுதியிருப்பேன்.

எங்கள் அளத்தில் உமரிக்கு மரியாதை கிடையாது. பருவம் தொடங்கி வரப்பைச் செப்பனிடும்போது மண்வெட்டி முதலில் விழுவது அதன்மேல்தான். அளத்துப் பெண்கள் சிலர் மட்டும் கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வார்கள். இரண்டு தடவை கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, பருப்போடு சேர்த்துக் கடைந்தால் தனியாக உப்புப் போட வேண்டாம். கூலி குறைந்த மாசங்களில் அது குழம்பு. அதற்கும் முந்திய காலத்தில் இந்த மாதிரிச் செடிகளைச் சுட்டுச் சாம்பலாக்கிக் காரம் எடுத்திருக்கிறார்கள். சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடா அந்தச் சாம்பலில் இருந்தது. ஸ்பெயின் கரையில் இதற்கென்றே பயிர் செய்து, சுட்டு, கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். 1791இல் பிரான்சின் லெப்லாங்க் சாப்பாட்டு உப்பிலிருந்தே சோடா எடுக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். அதன்பிறகு செடியைச் சுடுகிற தொழில் படுத்துவிட்டது. சிட்னியில் வந்திறங்கிய முதல் வெள்ளைக்காரர்களும் கரையோர உப்புச் செடிகளின் இலையை வேகவைத்துத் தின்று நாளைக் கழித்திருக்கிறார்கள். இன்று அதே வகைத் தண்டுகள் மெல்பர்ன் கடைகளில் சின்னத் தட்டில், வெளியே சொல்ல வெட்கப்படுகிற விலைக்கு, விற்கின்றன. என் மகள் ஒன்று வாங்கி வந்தாள். இரண்டு கொதி வடித்துப் பருப்பில் போட்டேன். பேரன் முகத்தைச் சுளித்தான். மகள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

சட்டம் அந்த இடுப்புயரப் புதரை என்ன நிலையில் வைத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. புதரின் பெயர் நாட்டின் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இல்லை. இருக்கவும் நியாயமில்லை, கரை நெடுக லட்சக்கணக்கில் நிற்கிறது. அருகிவருவது அது நிற்கிற நிலம். வருஷத்தில் சில நாள் மட்டும் அலை எட்டிப் பார்க்கிற அந்த மட்டமான உவர்ச்சதுப்பை நூற்றைம்பது வருஷமாகக் கரை போட்டு, மண் கொட்டி, மனையும் துறைமுகமும் ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே 2013இல் மத்திய அரசு செடிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், கடலோர உவர்ச்சதுப்பு என்கிற மொத்தத் தாவரக் கூட்டத்தையே 1999ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. மூன்று படிகள் கொண்ட பட்டியலில் இதற்குக் கிடைத்தது கடைசிப் படி: அழிவாய்ப்புள்ளது.

இங்கேதான் கணக்குப்பிள்ளை புத்தி விழித்துக்கொண்டது. அந்தச் சட்டப்படி, ஒரு தாவரக் கூட்டம் மேலே உள்ள இரண்டு படிகளில் இருந்தால், அதன்மேல் கை வைக்கிறவன் மத்திய அமைச்சரின் அனுமதி வாங்க வேண்டும். கடைசிப் படியில் இருக்கிற கூட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பேரேட்டில் பெயர் ஏறியது, வரவு ஏறவில்லை. மாப்பிள்ளை நான் சொன்னதை நம்பாமல் அவரே போனில் தேடிப் படித்துவிட்டு, "ஆமா மாமா, அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்.

அப்புறம் அந்தப் புதர் எப்படித் தப்பியது? என் பதில் இது: யாரும் விரும்பாத தொழில்கள் காத்தன. பாயிண்ட் குக்கிலிருந்து தெற்கே நடந்தால் வரிசை தெரியும். முதலில் அளம். அதை அடுத்து விமானப்படைத் தளம். 1914 மார்ச் 1ஆம் தேதி ஆஸ்திரேலிய ராணுவத்தின் முதல் விமானம் பறந்தது அங்கேதான். வேலி போட்ட நிலம், வீடு வராது. வெரிபி ஆற்றைத் தாண்டினால் சாக்கடைப் பண்ணை.

அந்தப் பண்ணையைப் பற்றி நிறையச் சொல்லலாம். தங்கம் கிடைத்த காசில் 1880களில் மினுக்கிக்கொண்டிருந்த மெல்பர்னுக்குக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. தெருவோரச் சாக்கடை நாறி, டைஃபாய்டு பரவி, சிட்னிக்காரர்கள் ஊர்ப் பெயரையே நாற்றத்தோடு சேர்த்துக் கிண்டல் பண்ணிய காலம். 1891இல் தண்ணீருக்கும் கழிவுக்கும் ஒரு வாரியம் அமைந்தது. மறுவருஷமே வேலை தொடங்கியது. வெரிபியில் ஆட்டு மந்தைகளுக்காக இந்தச் சமவெளியில் பெரும்பகுதியை வளைத்து வைத்திருந்த சர்ன்சைடு குடும்பத்திடமிருந்து நிலம் வாங்கினார்கள். 1897இல் முதல் வீடுகளின் கழிவு குழாய் வழியாக வந்து சேர்ந்தது. புல்வெளியில் பாய்ச்சி, மண்ணால் வடிகட்டி, அந்தப் புல்லில் மாடு மேய்த்தார்கள். இன்றைக்குப் பத்தாயிரம் ஹெக்டேருக்கும் மேலே, நகரத்துக் கழிவில் ஏறக்குறைய பாதியைச் சுத்திகரிக்கிற இடம். கடலோரமாக அதன் ஓரத்தில் பல கிலோமீட்டர் உவர்ச்சதுப்பு அப்படியே நிற்கிறது. அந்த வாசனைக்குப் பக்கத்தில் எவன் பங்களா கட்டுவான்?

இந்தக் கரை முழுவதும், ஓடிக்கொண்டிருந்த அளத்தையும் சேர்த்து, 1982 டிசம்பரில் ராம்சர் பட்டியலில் ஏறியது. உப்பு வாருகிற தொழிற்சாலை ஒன்று உலகச் சதுப்புநிலப் பட்டியலில் இருந்தது என்றால் ஊரில் நம்ப மாட்டார்கள். ஆனால் கோடியக்கரையும் வேதாரண்யச் சதுப்பும் 2002இல் அதே பட்டியலில் சேர்ந்தபோது அங்கேயும் அளங்கள் உண்டு. சைபீரியாவிலிருந்து கிளம்புகிற உள்ளான்களில் ஒரு கூட்டம் கோடியக்கரைப் பாத்தியில் இறங்குகிறது, இன்னொரு கூட்டம் சீத்தம் பாத்தியில். அவற்றுக்குப் பாத்தியின் டிகிரிதான் கணக்கு, நாடு அல்ல.

ஆனாலும் இந்தக் கரையில் சட்டத்தை அசைத்தது உள்ளான் அல்ல, ஒரு கிளி. ஆரஞ்சு வயிற்றுக் கிளி. உள்ளங்கையில் அடங்கும், புல் பச்சை உடம்பு, நெற்றியில் நீலக் கீற்று, வயிற்றில் ஓர் ஆரஞ்சுப் பொட்டு. டாஸ்மேனியாவின் தென்மேற்கு மூலையில் மெலலூகா என்ற ஒரே இடத்தில் குஞ்சு பொரிக்கிறது. குளிர் காலத்துக்குக் கடல் தாண்டி இந்தக் கரைக்கு வரும். வந்து தின்பது உவர்ச்சதுப்பின் விதைகள்: மணித்தண்டுப் பூண்டு, சுவேடா, நான் சொன்ன புதர். 2016இல் மெலலூகாவுக்குத் திரும்பிய காட்டுக் கிளிகள் இருபதுக்கும் குறைவு. அதன்பின் ஹீல்ஸ்வில் சரணாலயம் முதலிய இடங்களில் கூண்டில் வளர்த்தவற்றைத் திறந்துவிட்டுத்தான் எண்ணிக்கையை மேலே ஏற்றியிருக்கிறார்கள். 2017 முதல் மெல்பர்ன் பக்கத்துக் கரையிலும் விட்டிருக்கிறார்கள். முதலில் விட்டது எங்கே என்று நினைக்கிறீர்கள், சாக்கடைப் பண்ணையில்தான்.

இந்தச் சின்னக் கிளி இரண்டு பெரிய திட்டங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறது. 1991 ஆகஸ்டில் மெல்பர்ன் துறைமுகத்தை ஒட்டிய கூட் ஐலண்டில் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து ஊர் முழுக்கக் கரும்புகை. கிடங்கை ஜீலாங் பக்கம் பாயிண்ட் லிலியாஸ் முனைக்கு மாற்றலாம் என்று யோசனை வந்தது. அங்கே உவர்ச்சதுப்பு, அதில் கிளி. மாநில முதல்வர் ஜெஃப் கென்னட் கிளியை எள்ளி நகையாடியது பறவை பார்க்கிறவர்கள் வட்டாரத்தில் இன்றும் நடமாடுகிற கதை. கிடங்கு அங்கே போகவில்லை. கிப்ஸ்லாந்து பக்கம் பால்ட் ஹில்ஸில் வரவிருந்த காற்றாலையை, கிளிக்கு ஆபத்து என்று 2006இல் மத்திய அமைச்சர் இயன் கேம்பெல் தடுத்தார். கிளி பெயரைச் சொல்லி வேறு கணக்கைத் தீர்க்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அதே வருஷம் அந்தத் தடை விலகியது. நியாயம் எந்தப் பக்கம் என்பதற்குள் நான் போகவில்லை. கவனித்தது ஒன்றுதான்: கிளிக்கு மேல்படி, ராம்சர் நிலத்துக்குச் சட்டத்தில் தனி இடம், புதர் அவை இரண்டின் நிழலில்தான் சட்டத்துக்குள் நிற்கிறது.

கடற்கரையில் இப்படி. உள்ளே, நான் இருக்கிற டார்னெய்டில் கதை தலைகீழ். இது எரிமலைக் குழம்பு ஆறிய சமவெளி, கருங்கல்லும் கரிசலும். ஒரு காலத்தில் கங்காரு மேய்ந்த புல்வெளி. பிறகு ஆடு, பிறகு வேலியாகக் கருங்கல் சுவர், பிறகு நாங்கள். 2015 ஜூனில் ரயில் நிலையம் திறந்தது. 2021 கணக்கெடுப்பில் 56 ஆயிரத்துக்கும் மேல் ஜனம். எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, பஞ்சாபி மூன்றும் கேட்கும். நல்ல மண் என்பதால் உழுதார்கள், நல்ல தரை என்பதால் மனை போட்டார்கள். அந்தப் புல்வெளியில் இன்று 5 சதவீதம்கூட மிச்சமில்லை. 2008இல் அதை மத்தியப் பட்டியலின் உச்சிப் படியில் வைத்தார்கள். மனைகளுக்கு ஈடாக மேற்கே 15,000 ஹெக்டேர் புல்வெளியை 2020க்குள் வாங்கிக் காப்பதாக மாநில அரசு 2010இல் வாக்குக் கொடுத்தது. 2020இல் மாநிலத் தணிக்கைத் தலைவர் கணக்குப் பார்த்தபோது வாங்கியிருந்தது சுமார் 10 சதவீதம். உயர்ந்த படியில் இருந்தும் புல் போய்விட்டது, தாழ்ந்த படியில் இருந்தும் புதர் நிற்கிறது. உவர் நிலம் என்று ஒதுக்கியதுதான் புதருக்கு யோகம்.

அந்த யோகமும் இப்போது ஆட்டம் காண்கிறது, அதில் எங்கள் கூரைக்கும் பங்கு உண்டு. புல்வெளியாக இருந்தபோது மழையை மண் குடித்தது. இப்போது கூரை, கார் நிறுத்துமிடம், தார் ரோடு. பத்து நிமிஷம் பெய்தாலும் தண்ணீர் குழாயில் இறங்கி ஸ்கெலிட்டன் ஓடைக்குப் போய்ச் சேர்கிறது. வழியில் குடியிருப்புக் கம்பெனிகள் வெட்டிய குளங்கள் வேகத்தைக் குறைக்கின்றன. உப்பைக் கூட்ட அவற்றால் ஆகாது. சதுப்பில் நல்ல தண்ணீர் ஏறினால் உமரிக் கூட்டத்துக்கு இருந்த ஒரே பாதுகாப்பு போய்விடும். உப்பு தாங்க முடியாமல் வெளியே நின்றிருந்த நாணலும் சம்பும் உள்ளே நுழைந்து, இரண்டாள் உயரத்துக்கு வளர்ந்து, வெயிலை மறைக்கும். அளத்தில் ஐப்பசி மழைக்கு நாங்கள் பயந்த பயம் இதுதான். எங்களுக்கு அது வருஷத்துக்கு இரண்டு மாசம், இங்கே வருஷம் முழுக்க.

இன்னொரு வரவு உயரக் கோதுமைப்புல். உப்பேறிய வயல்களுக்கு மேய்ச்சலாகும் என்று வேளாண் துறையே பரிந்துரைத்த வெளிநாட்டுப் புல். உப்பைத் தாங்கும் என்பது அதன் பெருமை. தாங்கித் தாங்கிச் சதுப்பின் மேல் ஓரத்துக்கு வந்துவிட்டது. புதர் நிற்பதும் அந்த மேல் ஓரத்தில்தான். சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திண்டாடுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இந்தக் கதையில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஊரிலும் உமரிக்கு இப்போதுதான் ஆள் வந்திருக்கிறது. பாவ்நகரில் இருக்கிற மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் உமரி வகை ஒன்றிலிருந்து தாவர உப்பு எடுத்துக் காட்டியது, வேதாரண்யத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உவர்த் தாவரங்களுக்கென்றே ஒரு தோட்டம் போட்டிருக்கிறது. தூத்துக்குடி அளங்களில் மண்வெட்டி அப்படியேதான் விழுகிறது.

கடைசி விஷயம் கடல் மட்டம். கடல் ஏறினால் உவர்ச்சதுப்பு சாவதில்லை. விதை விழுந்து மெல்ல மெல்லக் கரைப்பக்கம் நகரும். நகர இடம் வேண்டும். சீத்தத்தில் பின்னால் திரும்பினால் கோல்ஃப் மைதானமும் இரண்டு மாடி வீடுகளும். சாக்கடைப் பண்ணையிலோ பின்னால் மாடு மேய்ந்த பழைய புல்வெளி, ஒரு வீடு கிடையாது. என்னிடம் கேட்டால் அந்தப் பழைய வெளிகளில் கடலோரமாக உள்ள ஒரு பட்டையை இப்போதே அளந்து, வரப்பை உடைத்து, அலை உள்ளே வரவிட்டுவிட வேண்டும். வரப்பு உடைப்பது மட்டும் பெரிய வேலை அல்ல என்பது என் கணக்கு. நாலு ஆளும் ஒரு ஜேசிபியும் ஒரு வாரமும் போதும். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் இருபது வருஷத்தில் மெல்பர்ன் அந்தப் பக்கம் எவ்வளவு நீளும், மனை என்ன விலைக்குப் போகும் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். வீட்டுக் கடன் கட்டுகிறவர், அவர் கணக்கு அவருக்கு. பட்டை எத்தனை மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பதில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் ஐந்நூறில் நிற்கிறேன், அவர் நூறுக்கு இறங்கி வந்திருக்கிறார்.